ஓர் அணு, ஓர் ஒளிப்புலம்: ராபி மாதிரி தீர்க்கப்பட்டுவிட்டதா?

இரண்டே ஆற்றல் மட்டங்கள் கொண்ட ஓர் அணு, ஒரே அதிர்வெண்ணில் அலைவுறும் ஓர் ஒளிப்புலம், இரண்டுக்கும் இடையே ஓர் இணைப்பு: குவாண்டம் ஒளியியலில் இதைவிட எளிய அமைப்பை எழுதுவது கடினம். இதன் ஹாமில்டோனியன் மூன்றே உறுப்புகளில் முடிந்துவிடும். முதலாவது புலத்தின் ஆற்றல், இரண்டாவது அணுவின் ஆற்றல், மூன்றாவது இரண்டும் ஒன்றையொன்று தூண்டும் உறுப்பு. இத்தனை எளிய இந்த ராபி மாதிரியின் ஆற்றல் மட்டங்களைத் தோராயம் ஏதுமின்றி எழுதிக்காட்ட முடியுமா என்ற கேள்வி அரை நூற்றாண்டளவு தீராமல் கிடந்தது. 2011இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டானியேல் பிராக் விடை கண்டதாக அறிவித்தார். அது புதிய விடையா, ஏற்கெனவே கையில் இருந்ததன் மறுவடிவமா என்ற விவாதம் உடனே எழுந்தது. இன்னும் அது முழுதாக அடங்கவில்லை.

விவாதம் நீள்வதற்கு ஒரு காரணம், வெவ்வேறு தரப்பினர் தீர்வு என்பதற்கு வெவ்வேறு அளவுகோல்களை வைத்திருப்பதே எனலாம். சிலருக்கு எண்கள் கிடைத்தால் போதும். சிலருக்கு மூடிய சூத்திரம் வேண்டும். வேறு சிலர் சமச்சீர்மையிலிருந்து பிறக்கும் அமைப்பைக் கேட்கிறார்கள். ஒரு முறை எண்களைத் தருகிறதா என்பது முதல் படிதான் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. எந்த எல்லை வரை அதை நம்பலாம், மட்டங்கள் ஏன் அப்படி அமைந்திருக்கின்றன என்பதற்கு அது காரணம் காட்டுகிறதா என்ற இரு கேள்விகளே அதன் மதிப்பை முடிவுசெய்ய வேண்டும்.

கேள்வியின் வேர்

கேள்வி முதலில் ஒளியைப் பற்றியதாக இருக்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்றுக் கற்றைகளை ஆய்ந்துவந்த ஐசிடர் ராபி 1936, 1937 ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில், மாறும் காந்தப்புலத்தில் அணுவின் காந்தத் திருப்புத்திறன் எப்படித் திசை மாறும் என்று கணக்கிட்டார். புலம் ஒரே திசையில் சுழன்றால் கணக்கு எளிது. அதோடு சேர்ந்து சுழலும் சட்டகத்துக்கு மாறிக்கொண்டால் புலம் அசையாமல் நிற்கும். மீதி வேலை பாடநூல் அளவிலானது. ஆனால் ஆய்வகத்தில் கிடைக்கும் புலம் பெரும்பாலும் நேர்கோட்டில் முன்னும் பின்னும் அலைவது. அதை எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரு புலங்களின் கூட்டாக எழுதலாம். ஒன்று அணுவோடு இசைந்து சுழலும், மற்றது எதிர்த்துச் சுழலும். எதிர்த்துச் சுழல்வதைக் கைவிட்டால் பழைய எளிய விடையே கிடைத்துவிடுகிறது. இதுவே சுழலலைத் தோராயம். 1940இல் பெலிக்ஸ் பிளாக்கும் ஆர்னால்ட் சீகர்ட்டும், கைவிட்ட பகுதிக்கு என்ன விலை என்று கணக்கிட்டார்கள். ஒத்ததிர்வு நிகழும் அதிர்வெண் சற்றே இடம்பெயர்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. எதை விடுகிறோம், விட்டதன் விளைவு எங்கே தலைகாட்டும் என்று பின்னாளில் எழுந்த வாதங்கள் பலவற்றுக்கும் அந்தக் கணக்கே தொடக்கம்.

பாதி உறுப்பை விட்டவர்கள்

புலத்தையும் குவாண்டமாக்கி, அதே தோராயத்தை அங்கும் கையாண்டவர்கள் எட்வின் ஜேன்ஸும் பிரெட் கம்மிங்ஸும். 1963இல் வெளிவந்த அவர்களது கட்டுரை மேசர் கருவியை முன்வைத்து எழுதப்பட்டது; இன்று குவாண்டம் ஒளியியல் பாடநூல் எதுவும் அவர்கள் பெயரின்றி எழுதப்படுவதில்லை. அவர்களது முறை எளிமையால் வென்றது. இணைப்பு உறுப்பை விரித்தால் நான்கு செயல்கள் வரும். அணு கீழிறங்கி ஒரு ஃபோட்டானை வெளியிடுவது, ஒன்றை விழுங்கி மேலேறுவது என்ற இரண்டும் நமக்குப் பழக்கமானவை. அணு மேலேறிக்கொண்டே ஃபோட்டானை வெளியிடுவது, கீழிறங்கிக்கொண்டே விழுங்குவது என்ற மற்ற இரண்டும் ஆற்றல் கணக்கில் இடிப்பவை. எதிர்ச்சுழல் உறுப்புகள் எனப்படுபவை இவையே. இவற்றை நீக்கிவிட்டால், கிளர்ந்த அணுக்களும் ஃபோட்டான்களும் சேர்ந்த மொத்த எண்ணிக்கை மாறாமல் நிற்கிறது. அதனால், தனித்து நிற்கும் தாழ்நிலை நீங்கலாக, ஹில்பர்ட் வெளி முழுவதும் இரண்டிரண்டு நிலைகள் கொண்ட தனித்தனித் துண்டுகளாகப் பிரிந்துவிடும். மேல்மட்ட அணுவும் இரண்டு ஃபோட்டானும் கொண்ட நிலை, கீழ்மட்ட அணுவும் மூன்று ஃபோட்டானும் கொண்ட நிலையோடு மட்டுமே பேசும். ஒவ்வொரு துண்டும் ஓர் இருபடிச் சமன்பாடு, அவ்வளவே. ஃபோட்டான் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து இணைப்பு வலிமையால் பெருக்கினால், ஒத்ததிர்வில் அந்த இரு மட்டங்களும் நடுநிலையிலிருந்து எவ்வளவு விலகும் என்பது கிடைத்துவிடுகிறது.

அந்த வர்க்கமூலம் பெரிய பௌதிகத்தைச் சுமந்திருக்கிறது. லேசர் ஒளியைப் போன்ற ஓரியல் புலத்தில் ஃபோட்டான் எண்ணிக்கை ஒரே எண்ணாக இராது, பரவலாக இருக்கும். ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய அலைவு வேகம் வேறு வேறு என்பதால், அணுவின் ஏற்ற இறக்கம் சிறிது நேரத்தில் குலைந்து அடங்குகிறது. எண்ணிக்கை முழு எண்களாகவே வருவதால் அந்த அலைவுகள் மீண்டும் ஏறத்தாழ ஒன்றுசேர்ந்து ஏற்ற இறக்கம் உயிர்பெறுகிறது. எபர்லி, நரோஷ்னி, சான்செஸ் மோன்ட்ராகன் ஆகியோர் 1980இல் கணித்த இந்த மறுமலர்ச்சியை 1987இல் ரெம்பே, வால்தர், கிளைன் ஆகியோர் ஓரணு மேசரில் கண்டார்கள். 1996இல் பாரிஸில் செர்ஜ் அரோஷின் குழு அந்த வர்க்கமூல அதிர்வெண்களையே நேரடியாகப் பிரித்துக் காட்டியது. அங்கே புலத்தின் அதிர்வெண் சுமார் 51 கிகாஹெர்ட்ஸ். வெற்றிடத்தில் அணுவின் அலைவு சுமார் 50 கிலோஹெர்ட்ஸ். விகிதம் பத்து லட்சத்தில் ஒன்று. இந்த நிலையில் எதிர்ச்சுழல் உறுப்புகளை விட்டது பிழையென்று யாராலும் சொல்ல முடியாது.

தோராயம் முறியும் இடம்

மீகடத்திச் சுற்றுகள் வந்தபின் நிலைமை மாறியது. இங்கே அணுவின் இடத்தில் மீகடத்தி வளையம், ஒளிப்பெட்டியின் இடத்தில் நுண்ணலை ஒத்ததிர்வி. 2010இல் ஜெர்மனியின் கார்ச்சிங் நகரில் நீம்சிக் குழு, இணைப்பு வலிமைக்கும் புல அதிர்வெண்ணுக்கும் இடையே 0.12 என்ற விகிதத்தை எட்டியது. 2017இல் ஜப்பானில் யோஷிஹாரா குழு வெளியிட்ட முடிவுகளில் இந்த விகிதம் 0.72 முதல் 1.34 வரை சென்றது. இந்த எல்லையில் ஜேன்ஸ்–கம்மிங்ஸ் விடையை நம்பினால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம்.

புல அதிர்வெண்ணை 1 என்று வைத்து, அணுவும் அதே அதிர்வெண்ணில் ஒத்ததிர்வதாகவும், ஆற்றலை அணுவின் இரு மட்டங்களுக்கு நடுப்புள்ளியிலிருந்து அளப்பதாகவும், புலத்தின் சுழிநிலை ஆற்றலை விட்டுவிடுவதாகவும் கொள்வோம். ஜேன்ஸ்–கம்மிங்ஸ் சூத்திரப்படி இரண்டாவது, மூன்றாவது கிளர்மட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடம் இணைப்பு வலிமை 0.414, அங்கே ஆற்றல் 0.914. ராபி மாதிரியின் துல்லியமான விடையில் அதே வெட்டு 0.433இல், 0.8125 ஆற்றலில் நிகழ்கிறது. வெட்டும் இடம் கிட்டத்தட்டச் சரி. ஆற்றல் பத்தில் ஒரு பங்கு அளவு தவறு. இதுவாவது பொறுக்கக்கூடிய பிழை. இணைப்பு வலிமை 1ஐத் தாண்டினால் பிழையின் தன்மையே மாறிவிடுகிறது. அங்கே முதல் கிளர்மட்டம் தாழ்நிலைக்குக் கீழே இறங்கிவிடும் என்கிறது பழைய சூத்திரம். ராபி மாதிரியில் இந்த இரண்டும் ஒருபோதும் வெட்டுவதில்லை. இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும், மறையாது. தாழ்நிலையில் ஃபோட்டானே இல்லை என்று பழைய சூத்திரம் சொல்லும் இடத்தில், உண்மையில் அணுவோடு பின்னிய ஃபோட்டான்கள் இருக்கின்றன. யோஷிஹாரா குழு அளந்த நிறமாலை ராபி மாதிரியோடுதான் ஒத்துப்போனது.

இந்த இடைவெளியை அடைக்கத் தோராயங்களையே சீர்செய்யும் முயற்சிகளும் நடந்தன. 2007இல் இ. கே. ஐரிஷ் முன்வைத்த பொதுமைப்படுத்திய சுழலலைத் தோராயம் குறிப்பிடத்தக்கது. அணுவின் நிலைக்கேற்ப இடம்பெயர்ந்த அலையியற்றி நிலைகளை அடித்தளமாகக் கொண்டு, அதன்பின் உறுப்புகளை நீக்குகிறது இம்முறை. பரந்த எல்லையில் வியக்கத்தக்க நல்ல எண்களைத் தருகிறது. ஆனால் அதன் பிழை எங்கே பெரிதாகும் என்பதை அந்த முறையே சொல்வதில்லை. துல்லியமான கணக்கோடு ஒப்பிட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

கணினியே போதாதா?

இங்கே வலுவான ஓர் எதிர்வாதம் உண்டு. ஃபோட்டான் எண்ணிக்கையை ஓர் எல்லையில் வெட்டி, கிடைக்கும் அணியை மூலைவிட்டமாக்கினால் வேண்டிய துல்லியத்தில் மட்டங்கள் கிடைத்துவிடும். யோஷிஹாரா எட்டிய உச்ச வலிமையிலும் தாழ்நிலையின் சராசரி ஃபோட்டான் எண்ணிக்கை இரண்டை ஒட்டியே இருக்கும். சில டஜன் வரிசைகள் கொண்ட அணி தாழ்மட்டங்களுக்குப் போதும். சாதாரண மடிக்கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் முடிக்கும். அப்படியிருக்கப் பகுமுறைத் தீர்வுக்காக இத்தனை பாடு எதற்கு?

இந்த வாதத்தின் பாதியை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஓரணு, ஒரு புலம் என்ற அளவில் எண்களுக்குப் பஞ்சம் எப்போதுமே இருந்ததில்லை. பஞ்சம் காரணத்துக்குத்தான். கணினி வரைபடத்தில் இரு கோடுகள் மிக நெருங்கி வரும்போது அவை உண்மையிலேயே வெட்டுகின்றனவா, நெருங்கி விலகுகின்றனவா என்பதை எந்தத் தசமத் துல்லியமும் தனியாகத் தீர்த்துவைக்காது. 1979இல் பிரையன் ஜட் ஒரு வியப்பைச் சுட்டிக்காட்டினார். சில குறிப்பிட்ட இணைப்பு வலிமைகளில் மட்டும் தீர்வு முடிவுள்ள பல்லுறுப்புக் கோவையாகச் சுருங்கிவிடுகிறது. ஆற்றல் எளிய சூத்திரமாக வருகிறது. மேலே சொன்ன 0.433 அத்தகைய ஒரு புள்ளி. அணு இடைவெளியின் பாதியை வர்க்கப்படுத்தி, இணைப்பு வலிமையின் வர்க்கத்தை நான்கு மடங்காக்கிக் கூட்டினால் ஒன்று வர வேண்டும் என்பதே அங்கே நிபந்தனை. 0.25உம் 0.75உம் சேர்ந்து ஒன்று. இந்தப் புள்ளிகள் ஏன் இருக்கின்றன, மட்டங்கள் ஏன் சரியாக அங்கே வெட்டுகின்றன என்று அணியை மூலைவிட்டமாக்கிப் பார்த்தால் தெரியாது.

பார்க்மன் வெளியும் பிராக்கின் சார்பும்

பகுமுறை வழிக்கு அடித்தளம் இட்டது வாலண்டின் பார்க்மன் 1961இல் அமைத்த சார்பு வெளி. அதில் ஒவ்வொரு குவாண்டம் நிலையும் ஒரு சிக்கலெண் மாறியின் சார்பு. ஃபோட்டானைப் படைப்பது அந்த மாறியால் பெருக்குவது, அழிப்பது வகையிடுவது. இவ்வெளியில் இடம்பெற ஒரு சார்பு தளம் முழுவதும் பகுமுறையாக இருக்க வேண்டும். 1967இல் சில்வன் ஷ்வெபர் இக்கருவியை ராபி மாதிரிக்குப் பயன்படுத்தி, மூன்று உறுப்பு மீள்வரு தொடர்பையும், அதிலிருந்து ஆற்றலைத் தீர்மானிக்கும் தொடர் பின்னத்தையும் பெற்றார். சரியான எண்களைத் தரும் முறைதான். ஆனால் தொடர் பின்னத்தைப் பார்த்து மட்டங்களின் ஒழுங்கைப் படிக்க முடியவில்லை.

பிராக் செய்தது இதில் ஒரு சமச்சீர்மையை முழுமையாக உள்ளே கொண்டுவந்தது. எதிர்ச்சுழல் உறுப்புகள் இருந்தால் மொத்த எண்ணிக்கை காக்கப்படாது. ஆனால் அது ஒற்றையா இரட்டையா என்பது காக்கப்படுகிறது. பாரிட்டி எனப்படும் இந்தச் சமச்சீர்மையால் நிலைகள் இரு குலங்களாகப் பிரிகின்றன. ராபியின் வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு, இணைப்பு வலிமையின் கூட்டல், கழித்தல் மதிப்புகளில் இரண்டு தனிப்புள்ளிகள் உண்டு. ஒன்றைச் சுற்றி விரித்த தொடரை மற்றதைச் சுற்றி விரித்ததோடு பாரிட்டி இணைத்துவிடுகிறது. இரண்டும் ஒரே சார்பையே குறிக்க வேண்டும் என்ற நிபந்தனை, ஒவ்வொரு பாரிட்டிக்கும் ஒரு சார்பு பூஜ்யமாக வேண்டும் என்ற நிபந்தனையாகிறது. அந்தச் சார்பின் மூலங்களிலிருந்து இணைப்பு வலிமையின் வர்க்கத்தைக் கழித்தால் ஆற்றல் மட்டங்கள் வந்துவிடுகின்றன.

முக்கியமானது மூலங்களைவிடத் துருவங்கள், அதாவது சார்பு முடிவிலியாகும் புள்ளிகள், என்று தோன்றுகிறது. பிராக்கின் சார்புக்குத் துருவங்கள் பூஜ்யத்திலும் நேர்ம முழு எண்களிலும் மட்டுமே இருக்க முடியும். மட்டங்கள் இந்த வேலிகளுக்கு இடையே அடைபட்டவை. ஒரு முழு எண்ணிலிருக்கும் துருவம் மறையும் அபூர்வ இடமே ஜட் கண்ட புள்ளி. அங்கேதான் எதிரெதிர்ப் பாரிட்டி கொண்ட இரு மட்டங்கள் சந்திக்கின்றன. ஜட் தனித்தனியாகப் பொறுக்கியவை எல்லாம் ஒரே அமைப்பின் பகுதிகளாகிவிட்டன. அடுத்த சில ஆண்டுகளில் சிங்-ஹு சென் குழுவினர் போகோலியுபோவ் உருமாற்றத்தால் பார்க்மன் வெளிக்குப் போகாமலே அதே சார்பை அடைந்தார்கள். வேறொரு குழு அதை ஒருங்கிய ஹாயின் சார்புகளால் எழுதிக் காட்டியது. வெவ்வேறு பாதைகள் ஒரே இடத்தில் கூடியது பிராக்கின் கட்டமைப்பு தற்செயலானதல்ல என்பதற்கு நல்ல சான்று.

எழுந்த மறுப்புகள்

முதல் மறுப்பு: இந்தச் சார்பே ஒரு முடிவிலித் தொடர், மூலங்களை எண்முறையில்தான் தேட வேண்டும், இதில் என்ன துல்லியத் தீர்வு? 2013இல் அலெக்சாண்டர் மோரோஸ் செங்குத்துப் பல்லுறுப்புக் கோவைகளின் மூலங்கள் வழியே அதே மட்டங்களைப் பெறலாம் என்று காட்டியபோது இந்தக் கேள்வி மேலும் கூர்மையானது. ஆனால் இந்த அளவுகோலைக் கடைப்பிடித்தால் தீர்ந்ததாக நாம் எண்ணும் பலவும் தீராதவையாகிவிடும். வட்டப் பறைத் தோலின் அதிர்வெண்கள் பெசல் சார்பின் மூலங்கள்; அவற்றையும் எண்முறையில்தான் காண்கிறோம். ஜேன்ஸ்–கம்மிங்ஸ் மாதிரியிலும், ஓரியல் புலத்தில் அணு எப்படி ஏறி இறங்கும் என்பது மூடிய வடிவில் கூட்ட இயலாத முடிவிலித் தொடர்தான். தொடராக இருப்பது குறையல்ல. அந்தத் தொடரைப் பற்றி என்ன தெரியும் என்பதே கேள்வி. துருவங்களின் இடம் முன்கூட்டியே தெரிவதால் பிராக்கின் சார்பு இதில் தேறுகிறது என்பது என் மதிப்பீடு.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. பிராக் தமது கட்டுரைக்கு வைத்த தலைப்பே ராபி மாதிரியின் தொகையிடுதன்மையைப் பற்றியது. ஒவ்வொரு நிலையையும், அமைப்பின் சுதந்திரப் படிகள் எத்தனையோ அத்தனை குவாண்டம் எண்களால் தனித்து அடையாளமிட முடிந்தால் அமைப்பு தொகையிடத்தக்கது என்று அவர் ஒரு வரையறை முன்வைத்தார். முர்ரே பேச்சலரும் ஜோவும் 2015இல் இதற்கு மாற்றுக் கருத்து சொன்னார்கள்: யாங்–பாக்ஸ்டர் சமன்பாட்டின் பொருளில் ராபி மாதிரி பொதுவாகத் தொகையிடத்தக்கதல்ல, சில சிறப்பு எல்லைகளில் மட்டுமே அப்படி. குவாண்டம் அமைப்புகளுக்குத் தொகையிடுதன்மை என்பதற்கு எல்லோரும் ஏற்ற வரையறை இல்லாத வரை இதில் தீர்ப்பு சொல்வது அவசரமாகும். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். தீர்க்க முடிவதும் தொகையிடத்தக்கதாக இருப்பதும் ஒன்றல்ல. ஒரே புலத்தோடு பல அணுக்கள் இணையும் டிக்கி மாதிரியின் மூன்று அணு வடிவத்துக்கு 2013இல் தீர்வு எழுதிய பிராக்கே, தமது வரையறைப்படி அது தொகையிடத்தக்கதல்ல என்றார்.

பல அணுக்கள், கசியும் பெட்டி

அணுக்கள் பெருகினால் கதை வேறு. டிக்கி 1954இல் எழுதிய பல்லணு மாதிரிக்கு, சுழலலைத் தோராயத்தோடு டேவிஸும் கம்மிங்ஸும் 1968இல் துல்லியத் தீர்வு தந்தார்கள். தோராயம் இல்லாமல் அணு எண்ணிக்கை கூடக்கூட பிராக்கின் வழி விரைவில் கனத்துப்போகிறது. எமரியும் பிராண்டஸும் 2003இல் காட்டியபடி, அதிகதிர்வீச்சு நிலைமாற்றத்தை ஒட்டி மட்ட இடைவெளிகளின் புள்ளியியல் ஒழுங்கான வகையிலிருந்து குழப்ப வகைக்கு மாறுகிறது. அங்கே பகுமுறை அமைப்பைத் தேடுவது பலன் தருமா என்பதே ஐயம்.

உண்மையான பெட்டிகள் கசியும். அதற்கான முதன்மைச் சமன்பாட்டின் பொது வடிவத்தை 1976இல் லின்ட்பிளாட் ஒருபுறமும், கோரினி, கொசகோவ்ஸ்கி, சுதர்சன் மூவரும் இன்னொருபுறமும் கண்டார்கள். (இந்தச் சுதர்சன்தான் 1980களில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தவர்.) 1992இல் தாலிபார், காஸ்டின், மோல்மர் ஆகியோரின் குவாண்டம் பாதை முறை, அந்தச் சமன்பாட்டைத் தனித்தனித் தற்செயல் பாதைகளின் சராசரியாகக் கணக்கிட வழிசெய்தது. வலுவான இணைப்பில் இங்கும் ஒரு பொறி உண்டு. கசிவைத் தனி ஒத்ததிர்விக்கு உரியதாகவே எழுதினால், வெப்பமே இல்லாத சூழலில் தாழ்நிலையிலிருந்து ஃபோட்டான்கள் கொட்டுவதாகக் கணக்கு காட்டும். 2011இல் போடுவான், காம்பெட்டா, பிளே மூவரும் இதைச் சுட்டி, இணைந்த அமைப்பின் மட்டங்களிலிருந்தே கசிவை வருவிக்க வேண்டும் என்று நிறுவினார்கள். ராபி மாதிரியின் மட்டங்களைச் சரியாக அறிவது ஏட்டுக்கணக்கோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று காட்டுவது கடினம்.

மாதிரியே சரியா?

துல்லியத் தீர்வை வலியுறுத்துவோர் எதிர்கொள்ள வேண்டிய கடைசிக் கேள்வி இது. இரண்டு மட்டம், ஒரு புலம் என்ற சுருக்கமே தோராயம்தான். இணைப்பு வலுக்கும்போது அந்தச் சுருக்கத்தைக் கூலும் கேஜில் செய்கிறோமா, இருமுனைக் கேஜில் செய்கிறோமா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்று 2018இல் டி பெர்னார்டிஸ் குழு காட்டியது. 2019இல் டி ஸ்டெஃபானோ குழு முரண்பாட்டை நீக்கும் வழியைத் தந்தது. அதற்கு வெகு முன்னரே, 1975இல் ஷாஷெவ்ஸ்கியும் கூட்டாளிகளும், புலத்தின் வர்க்க உறுப்பை விட்டுவிடுவதால்தான் டிக்கி மாதிரியின் நிலைமாற்றம் தோன்றுகிறது என்று எச்சரித்திருந்தார்கள். தவறான ஹாமில்டோனியனுக்குத் துல்லியமான விடை கிடைத்தும் பயனில்லை. ஆனால் துல்லியத் தீர்வு கையில் இருந்தால்தான், பரிசோதனையோடு முரண்பாடு வரும்போது குற்றம் கணக்கு முறையிலா மாதிரியிலா என்று பிரித்தறிய முடியும். தோராயமான விடையை வைத்துக்கொண்டு அந்த வழக்கைத் தீர்க்க இயலாது.

தீராமல் நிற்பவை

ஓரணு ராபி மாதிரியின் ஆற்றல் மட்டங்களைப் பொறுத்தவரை, அது தீர்க்கப்பட்டுவிட்டது என்று சொல்வதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறது. காலப்போக்கில் நிலை எப்படி மாறுகிறது என்பதற்கு அவ்வளவு தெளிவான பகுமுறை வடிவம் தாமதமாகவே வந்தது; அண்மையில் ரேயஸ்-புஸ்டோஸும் வகயாமாவும் வெப்பக் கருவுக்கு எழுதிய சூத்திரம் அதில் ஒரு நல்ல தொடக்கம். பல அணுக்கள், பல புலங்கள் என்ற பக்கம் எண்முறையே இன்னும் நெடுங்காலம் ஆளும் என்று எதிர்பார்க்கலாம்.

2011ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே பிராக் ஓர் ஊகத்தையும் வைத்திருந்தார். ஒரே பாரிட்டியில், அடுத்தடுத்த இரு முழு எண்களுக்கு இடையே சார்பின் மூலங்கள் இரண்டுக்கு மேல் வராது; இரு மூலங்கள் கொண்ட இடைவெளிகள் இரண்டு அடுத்தடுத்து வராது; வெற்று இடைவெளிகளும் அப்படியே. ஏறத்தாழ எல்லா இடைவெளிகளுக்கும் இது பொருந்தும் என்பதை எண்கோட்பாட்டுக் கருவிகளால் ஸீவ் ருட்னிக் நிறுவியிருக்கிறார். எல்லா இடைவெளிகளுக்கும் அது உண்மைதானா என்பதற்கு அவரது நிறுவல் விடை தரவில்லை.